பழைய வண்டிக்கு இது போதும்

பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்குக் காதுமடல் சுட்டது.

அதே மஞ்சள் பெட்டி. போன மாதம் இதே உதிரிபாகக் கடையில், இதே முதலாளி காசிலிங்கம் எடுத்துக் கொடுத்த அதே ஆயில் ஃபில்டர்.

"வேற இல்லைங்களா?"

"உங்க வண்டி வயசுக்கு இது போதுமுங்க அம்மணி. இன்னும் எத்தன நாளைக்கு அத ஓட்டப் போறீங்க?"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

போன வாரத்துத் திம்பம் மலை இறக்கம் அவள் கண்ணுக்குள் வந்தது.

பின் சீட்டில் தங்கை பூங்கொடி. இடுப்பு வலி கண்டு கதறிக்கொண்டிருந்தாள். சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி மலை இறங்க வேண்டும்.

எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தது.

எஞ்சின் கடகடத்தது. நின்றுவிட்டது.

முட்டைக்கோசு ஏற்றி வந்த லாரிக்காரர் மட்டும் நிறுத்தாமல் போயிருந்தால்...

அதற்கு மேல் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பூங்கொடி இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடக்கிறாள்.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் ஃபில்டரையும் அறுத்துக் காட்டினார். உள்ளே இருந்த காகிதம் ஊறிப் பிய்ந்து, எண்ணெய் போகிற வழியை அடைத்துக் கிடந்தது. வண்டியை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார் அவர்.

அவள் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"பில்லு போடுங்க. அங்க தொங்குற தகரம் அறுக்கற ஆக்சா பிளேடும் ஒண்ணு குடுங்க."

பில் கைக்கு வந்தது.

பெட்டியைக் கிழித்தாள். ஃபில்டரை மேசைமேலேயே அழுத்திப் பிடித்து அறுக்க ஆரம்பித்தாள்.

தகரம் கிறீச்சிட்டது. பிரேக் வயர் கேட்டு நின்றவர்கள் திரும்பினார்கள்.

"அம்மணி, என்ன பண்றீங்க!"

அவள் கை நிற்கவில்லை. தகரத்தூள் விரலெல்லாம் ஒட்டியது. மூடி கழன்றது.

உள்ளே பொட்டலம் மடிக்கிற காகிதம் போல ஒன்று. சுண்டுவிரலால் இழுத்தாள். எண்ணெயே படாத காகிதம், பசை விட்டுக் கையோடு வந்தது.

அதை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"இத நம்பித்தானுங்க வயித்துப் பிள்ளக்காரிய ஏத்திக்கிட்டு மலை இறங்குனேன்."



காசிலிங்கம் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் வேறொரு பெட்டி. பளபளவென்று முத்திரை ஒட்டியது.

"கோவிச்சுக்காதீங்க. இது ஒரிஜினலுங்க. தெரிஞ்சவங்களுக்கு மட்டுந்தான் குடுக்கறது."

தெரிஞ்சவங்களுக்கு.

கார் வாங்கிய நாளிலிருந்து அவள் வேறு கடைப்படி ஏறியதில்லை.

"சரிங்க. அதுக்கும் பில்லு போடுங்க."

பிளேடைத் தூள் போகத் துடைத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். மறு கையைப் பெட்டிக்காக நீட்டினாள்.

பெட்டியின் மேல் காசிலிங்கத்தின் பிடி தளரவில்லை.