சொந்தத் தயாரிப்பு

“இதுக்குள்ள ஓடுற இயங்குதளம் இருக்கே மேடம், அது நான் பெத்த பிள்ளை மாதிரி. மூணு வருஷம் தூக்கத்தைத் தொலைச்சு எழுதினது.”

முதலாளி உள்ளங்கை அளவு மியூசிக் பிளேயரை மேசையின் குறுக்கே நகர்த்தினார். பக்கத்தில் இருந்த மைத்துனன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். அக்கா வீட்டிலேயே தங்கியிருப்பவன் அவன். அத்தான் அந்த மூன்று வருஷமும் விட்ட குறட்டை அவனுக்குத் தெரியாதா?

யார் யாரோ காசு வாங்காமல் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்த மென்பொருள் அது. எழுதினவர்களின் பெயரை மட்டும் நீக்காதீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அத்தான் முதல் வேலையாக அதைத்தான் நீக்கச் சொன்னார்.

விற்காத பிளேயர்கள் கிடங்கில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. எதிரே இருந்த அம்மாள், ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கும் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி. அவர் தலையசைத்தால் கம்பெனி பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

அம்மாள் முதலாளியின் முகத்தைப் பார்த்தபடியே பிளேயரைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் அது பாட்டுக்குப் பொத்தான்களின்மேல் ஓடியது. முதல் தடவை தொடுகிறவருக்கே இவ்வளவு சுலபமா என்று முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

பாட்டு ஓடும்போது அம்மாள் சத்தத்தைக் கூட்டும் பொத்தானையும் நிறுத்தும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். பாட்டு நிற்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. இது ஏன் இப்படி என்று கேட்டார்.

அது கோளாறு என்று மைத்துனனுக்குத் தெரியும், எப்படிச் சரிசெய்வது என்றுதான் தெரியாது. சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தவனின் காலை அத்தான் மேசைக்கடியில் மிதித்தார்.

“அதுதாங்க இதோட விசேஷமே,” என்றார் முதலாளி. “பிடிச்ச பாட்டை நிறுத்த யாருக்கு மனசு வரும்? அதான் திரும்ப முதல்லேருந்து வர மாதிரி, நானே யோசிச்சு யோசிச்சு வச்சேன்.”

அம்மாள் பிளேயரை அணைத்து மேசைமேல் வைத்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இல்லைங்க, அது நான் எழுதும்போது விட்ட தப்பு. திருத்தத்தான் இன்னும் நேரம் கிடைக்கல.”