இருபத்திரண்டா, இருபத்தேழா?

"காத்து நின்னுபோச்சுன்னு மணி அடிச்சா கீழே இருக்கிறவன் என்ன செய்வான்? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வருவான்! இன்னிக்குக் காலையில அப்படித்தான் ஓடி வந்தாங்க. ஒருத்தர் கால் பிசகிப் படுத்திருக்கார். ஆனா காத்து நிக்கவே இல்லை!"

மேற்பார்வையாளர் மேசையைத் தட்டவில்லை, அவ்வளவுதான். எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்தின் கண்ட்ரோல் ரூமில் பகல் ஷிப்ட் பார்க்கும் பெண். இரவு ஷிப்ட் பார்க்கும் ஆண். அவள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம், அவன் வேலைக்கு வந்த நேரம். இருவரும் அகப்படும் வேளை பார்த்து, அங்கே வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு இவர்களைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு நாற்காலிக்கும் நடுவே இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். அவ்வளவு இடைவெளி.

சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் பெரிய விசிறியைக் கவனிப்பது அவர்கள் வேலை. அவர்கள் அறையைக் கவனிப்பது இவர் வேலை. மேலே உள்ள கட்டடங்களின் காற்றோட்டம், சூடு, ஈரம் எல்லாம் இவர் பொறுப்பு. மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான். அதற்குள் 'புழுக்கம் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காலையில் அவரே கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே தகடெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பு. விடியும்போது அறையைச் சட்டென்று சூடாக்கினால், பக்கத்துக் குளியல் கட்டடத்து ஈரக்காற்று அதில் தண்ணீராக இறங்காமல் என்ன செய்யும்? ஒரு சொட்டு கம்பியில் விழுந்தது, மணி அலறிவிட்டது.

மணியை நிறுத்தியவள் இந்தப் பெண்தான். கடைசி ஆள் மேலே வந்து சேரும்வரை மைக்கை விட்டு அவள் நகரவில்லை. ஷிப்ட் முடிந்தும் இவன் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றான். வேடிக்கை பார்க்கிறான் என்று மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டார்.

"ஏசி தானா மாறாது. காலையில ஷிப்ட் மாறுற நேரத்துல இருபத்திரண்டை இருபத்தேழா ஏத்துறீங்க. சாயங்காலம் திரும்ப இறக்குறீங்க. உங்கள்ல ஒருத்தர் லீவு போட்டா இந்தக் கூத்து நடக்கிறதில்லை. யாரு செய்றது?"

"நான்தான் சார்," என்றாள் அவள்.

"இல்லை சார், நான்தான்," என்றான் அவன்.

"அட, இதுல வேற போட்டியா!"

சுரங்கத்துக்குள் போகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கு அறைக்காரர் ஏற்கெனவே காதில் போட்டிருந்தார். "அவங்களா சார்? எலியும் பூனையும். அந்தம்மா சுவரைப் பார்த்துத்தான் பொறுப்பை ஒப்படைப்பாங்க, இவர் தரையைப் பார்த்துக்கிட்டே வாங்கிக்குவார்."

மேற்பார்வையாளருக்கு அது புதிதல்ல. பழைய இடத்தில் ஒரு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முறைத்துக்கொண்ட இருவர், கடைசிவரை பேசாமலே ஓய்வு பெற்றுப் போனதை அவர் கண்ணால் பார்த்தவர். வீம்பு என்று வந்துவிட்டால் மனிதனுக்கு வேர்வையும் தெரியாது, குளிரும் தெரியாது.

"இன்னும் ரெண்டு தடவை இப்படிப் பொய் மணி அடிக்கட்டும். புலி வருது கதைதான். நிஜமா காத்து நிக்கிற அன்னிக்கு, 'அது சும்மா கத்தும்டா'ன்னு ஒருத்தனும் நகர மாட்டான்."

அவள் முகம் வெளுத்துப்போனது. அவன் கண்ட்ரோல் ரூம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். இரண்டையும் பார்த்த பிறகு அவருக்குக் கோபம் இறங்கிவிட்டது.

"சரி, போனது போகட்டும். உங்களைத் தண்டிக்கக் கூப்பிடலை. அவங்கவங்களுக்கு எவ்வளவு வேணும்னு சொல்லுங்க. நடுவுல ஒண்ணை வெச்சுப் பூட்டிடுறேன். மிச்சத்துக்கு ஒருத்தருக்கு ஸ்வெட்டர், ஒருத்தருக்கு மேசை விசிறி."

"இருபத்திரண்டு," என்றாள் அவள்.

"இருபத்தேழு," என்றான் அவன்.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்னம்மா குழப்புறீங்க? பகல் பூரா நீங்க உட்கார்றது இருபத்தேழுல. ராத்திரி பூரா அவர் உட்கார்றது இருபத்திரண்டுல. இருபத்திரண்டுதான் வேணும்னா காலையில எதுக்கு ஏத்துறீங்க?"

"நான் ஏத்தலை சார். சாயங்காலம் கிளம்புறப்போ இறக்கி வைக்கிறது மட்டும்தான் நான்."

"கிளம்புறப்போவா? வீட்டுக்குப் போறவங்களுக்கு அறை எப்படி இருந்தா என்ன?"

"அறை குளிர நேரம் பிடிக்கும் சார். இவர் வந்து உட்கார்றப்போ சரியா இருக்கணும். சூடு இவருக்கு ஆகாது. மண்டையிடி வந்துட்டா எந்த மாத்திரைக்கும் கேக்காது."

அவர் மெல்ல அவன் பக்கம் திரும்பினார்.

"அப்போ காலையில ஏத்துறது..?"

"நான்தான் சார்." அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "குளிர்ல அவங்களுக்கு விரல் மரத்துப்போகும். பட்டனை அழுத்தவே வராது. வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லவும் மாட்டா."

'அவங்க' என்று தொடங்கிய வாய் 'மாட்டா' என்று முடித்ததை மேற்பார்வையாளர் கவனித்தார். அவளும் கவனித்தாள்.

"முகம் பார்த்துக்கூடப் பேசாதவங்க," அவர் குரல் தானாகத் தணிந்தது. "உங்களுக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போன மாசம் விவாகரத்து ஆகுற வரைக்கும் இவர் என் வீட்டுக்காரர் சார்."