பேசுற கேமரா

"வலியுல்லா! யாரு அது, பட்டுச்சேலை கவுண்டர்ல? சம்பந்தி வீட்டுக்காரி மாதிரி உக்காந்திருக்கா? எழுப்பு அவள!"

போனில் இப்படிக் கத்தியபோது சண்முகவடிவு இருந்தது ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டு சோபாவில். ஜவுளிக்கடை இருந்தது தி.நகரில்.

ஊர்ப்பட்ட வீடுகளில் டிவியில் சீரியல் ஓடும். இந்த வீட்டில் கடை ஓடும். கேமரா வைத்த நாளிலிருந்து இப்படித்தான். கட்டம் கட்டமாக எல்லா மாடியும் தெரியும். எந்தக் கட்டத்தில் எவள் உட்கார்ந்தாலும் சண்முகவடிவுக்குப் பொறுக்காது. சூப்பர்வைசர் வலியுல்லாவின் போன் அலறும்.

"கூட்டமில்லாத நேரம் வடிவு. உக்காந்தா என்ன? கடைல வேலை பாக்கிறவங்களுக்கு ஸ்டூல் போடணும்னு சட்டமே வந்தாச்சு" என்றார் புருஷன் வெள்ளைத்துரை. கடை முதலாளி அவர்தான். பேச்சுக்கு.

"ஸ்டூல்தான் போட்டிருக்கே! போட்டா உக்காந்துரணுமா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து சிட்னியிலிருந்து மகன் ஆனந்தகுமார் கூப்பிட்டான்.

"எம்மா, எங்க தெருவுல திருட்டு. வீட்டுக்குக் கேமரா போடணும். நீதான் இதுல கில்லாடி. வாசலுக்கு ஒண்ணு, பின்கதவுக்கு ஒண்ணு போதும்ல?"

"போடா கூறுகெட்டவனே! வெளித்திருடன் என்னைக்கோ ஒருநாள் வருவான். உள்ள வர்றவ தினமும் வருவா. சமைக்க யாரோ ஒருத்தி வரப்போறாளாமே, மொதல்ல அவளுக்குப் போடு!"

புண் அங்கேதான் இருந்தது. மருமகள் ஜெயஸ்ரீ முழுகாமல் இருக்கிறாள். படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான் வாரேன்" என்று சண்முகவடிவு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். விசாகூட எடுத்து வைத்திருந்தாள். "உங்களுக்கு மூட்டுவலி. இங்க ஒத்தாசைக்கு ஆளே கிடையாது. வேண்டாம் அத்தை" என்று ஜெயஸ்ரீ ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

மூட்டுவலியாம்! மாமியார் வரக்கூடாது என்பதற்கு ஒரு சாக்கு. தலைச்சன் பிள்ளைக்காரிக்கு எவளோ ஒருத்தி வடித்துக் கொட்டுவாள், மகனைப் பெற்றவள் இங்கே வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? சண்முகவடிவுக்கு வயிறு எரிந்தது.

மகன் அனுப்பிய கேமராப் படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வாசல் மணியோடு வருவது. ஆள் நடமாடினால் விளக்கு எரிவது. கடைசியில் உருண்டையாக ஒன்று.

"இது! இது பேசுற கேமராதானே? இதையே வாங்கு. சமையல்கட்டுல வை. மாடில படுத்துக்கிட்டே ஜெயா போன்ல பாக்கட்டும். அவ உக்காந்தான்னா அங்கிருந்தே ஒரு அதட்டு அதட்டணும்."

ஜெயஸ்ரீயின் குரல் குறுக்கே வந்தது. "உள்ளயா அத்தை? வர்றவங்க மனசு சங்கடப்படாதா?"

"படட்டும்! மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்!"

கேமரா மாட்டியாயிற்று. சமைக்க வந்தவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். "இது இருக்கிற வீடு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"பாத்தியா, திருட்டுக் கழுதை! நான் சொல்லல?" என்று குதித்தாள் சண்முகவடிவு. வேறு ஆளும் அகப்படவில்லை. அந்த வாரமே விமானம் ஏறிவிட்டாள்.

போய் இறங்கிய பிறகுதான் சங்கதி புரிந்தது. சென்னையில் காபி டம்ளரை எடுக்கக்கூட ஆள் உண்டு. இங்கே அவள்தான் ஆள். சமையல், பாத்திரம், துணி, மருமகளுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு மாடிப்படி வேறு.

ஒருநாள் சாயங்காலம் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ராத்திரிக்கான குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்பாடா முருகா" என்று உட்கார்ந்தாள்.

"அத்தை!"

அலமாரி மேலிருந்து கேமரா பேசியது.

விருட்டென்று எழுந்துவிட்டாள் சண்முகவடிவு. "இல்ல ஜெயா... இப்பத்தான்... இந்தா இப்பத்தான் உக்காந்தேன்..."

சொல்லி முடிப்பதற்குள் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. யாரை யார் அதட்டுவது? நானென்ன சம்பளத்துக்கா வந்தேன்?

"ஐயோ, ஏன் எந்திரிச்சீங்க? காலையிலேருந்து நீங்க உக்காரவே இல்லை. பாத்துக்கிட்டேதான் இருக்கேன். சொன்னா ஏசுவீங்களோன்னு பயம். இதுக்குத்தான் அத்தை உங்கள வரவேண்டாம்னு சொன்னேன். உக்காருங்க. குழம்பு அடிப்பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது."

சண்முகவடிவு உட்கார்ந்தாள். அதற்குமேல் அந்தக் கேமராவை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு முகமில்லை.

பழக்கதோஷத்தில் கை போனை எடுத்துக் கடையைத் திறந்தது. சென்னையில் காலை நேரம். பட்டுச்சேலை கவுண்டரில் ஈ காக்கை இல்லை. அந்தப் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கி மறுகாலின் கெண்டைச் சதையில் தேய்த்துக்கொண்டாள். நடுநடுவே கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். ஸ்டூல் சுவரோரம் சும்மா கிடந்தது.

சண்முகவடிவு போன் போட்டாள்.

"வலியுல்லா! பட்டுச்சேலை கவுண்டர்ல அந்தப் பொண்ணு..."

"சத்தியமா உக்காரலைம்மா! காலையிலேருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கு!"

"அதத்தான்யா கேக்கேன்!" சிட்னி அதிரக் கத்தினாள் சண்முகவடிவு. "ஸ்டூல் எதுக்குய்யா போட்டிருக்கு? உக்காரச் சொல்லு அவள!"