மனேஜரின் பங்கு

"ஒரேயொரு ஐஸ் கட்டி தாங்கோ, ஐயா. விடியுமட்டும் அவரைக் கிடத்தி வைச்சாக் காணும். மகன் வவுனியாவிலை இருந்து வாறான். கிளாலிக் கடலை வள்ளத்திலை கடந்து விடியத்தான் வந்து சேருவான். தேப்பன்ரை முகத்தை அவன் பாக்க வேண்டாமோ?"

லூர்த்தம்மா கைகூப்பி அழுதாள். அந்த ஐஸ் கொம்பனியில் பத்து வருடமாக வேலை செய்பவள். காலையில்தான் புருசன் கண்ணை மூடியிருந்தான்.

மனேஜர் சூசைதாசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"டீசல் முடிஞ்சுது, மெசின் ஓடாது, லூர்த்தம்மா. கிடக்கிற ஐஸ் தொழிலுக்குப் போன வள்ளங்களுக்கு. அதிலை கை வைச்சா அறுபது வீட்டு மீன் அழுகும். தனியாக்களுக்குக் குடுக்கிறேல்லை எண்டு நான்தானே சட்டம் போட்டனான்."

வாசலில் மெசின்காரன் சிமியோன் தள்ளுவண்டியோடு நின்றான். அதில் சாக்கு சுற்றிய ஒரு கட்டி இருந்தது.

"அப்ப உது ஆருக்கு?"

"மனேஜரின்ரை பங்கு, அக்கா."

மாதம் ஒரு கட்டி மனேஜருக்கு என்பது கொம்பனி தொடங்கிய நாள் முதல் உள்ள வழக்கம். சூசைதாசன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனதை இதுவரை யாரும் கண்டதில்லை.

லூர்த்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ரை மனுசன் அங்கை கிடக்கிறார், உங்களுக்குக் குளிர்த்தண்ணி கேக்குதோ? உங்கடை வீட்டிலை ஒண்டு நடந்தாத்தான் தெரியும்!"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து வருட வேலை இத்தோடு சரி என்று நினைத்தாள், பாவம்.

சூசைதாசன் யன்னல் பக்கம் திரும்பினார்.

"சிமியோன், உதை அவவின்ரை வீட்டிலை இறக்கிவிடு. என்ரை பங்கை நான் ஆருக்கும் குடுக்கலாம்."

"ஐயா, அது..."

"சொன்னதைச் செய்."

லூர்த்தம்மா கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். சிமியோன் மட்டும் வண்டியை நகர்த்தவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"பாதியெண்டாலும் வெட்டி வைப்பமே, ஐயா?"

"பாதி விடியுமட்டும் தாங்காது."

"உங்கடை மனுசியும் அதே வள்ளத்திலைதானே வாறா?"

"ஓம்," என்றார் சூசைதாசன். "மகள் ஸ்ரெல்லாவைப் பொழுதுபட முதல் அடக்கம் செய்வம். தாய் வந்தா, பிள்ளையின்ரை படத்தைக் காட்டுறன்."