வாய்விட்டு அடித்த பாஸ்வேர்டு

“கடைசி நம்பர் மட்டும் காதுல வுழல, இன்னொரு வாட்டி சொல்லுடி!” பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தோழி அக்சா கத்துகிறாள். ஆம்பூர் பஜார் பிரவுசிங் சென்டர் மொத்தமும் சிரிக்கிறது. பெர்சிஸின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிடுகின்றன. டைப்ரைட்டிங் வகுப்பில் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லியே அடித்துப் பழகியவள், இன்று பாஸ்வேர்டையும் அப்படியே ஒப்பித்திருக்கிறாள். திரையில் வெறும் புள்ளிகள்தான். மற்றவர்கள் காதில் விழுந்ததோ கிட்டத்தட்ட முழுசாக. அயர்லாந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கான இன்டர்வியூ தேதி இந்த மெயிலுக்குத்தான் வரவேண்டும். “எவனாச்சும் உள்ள பூந்து அத அழிச்சிட்டா இன்னாடி பண்ணுவ?” அக்சாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “அழிக்க வுட்ருவனா? இப்பவே மாத்திடறேன் பாரு.” பெர்சிஸ் நாற்காலியை முன்னே இழுத்துக்கொள்கிறாள். மேஜை விசிறி திரும்பும்போதெல்லாம் ஊர்த் தோல் தொழிற்சாலைகளின் வாடை வந்து போகிறது. திரையின் நீல வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் சதுரமாக நிற்கிறது. துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு புதுப் பாஸ்வேர்டை அடிக்கிறாள். சென்டரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கேட்பதெல்லாம் சாவிகளின் டக்டக் மட்டும். “இப்ப கேட்டுச்சா?” “ஒரு மண்ணும் கேக்கல!” பக்கம் மெல்ல விரிகிறது. அயர்லாந்து மெயில், இன்னும் யாரும் திறக்காததாய், தடித்த எழுத்தில் மேலேயே நிற்கிறது. பல்லைக் கடித்துக் காப்பாற்றிய இந்தப் பாஸ்வேர்டை இனி எவனாவது திருட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்?