கணவாய்க் கறை

"மூணு நாளைக்கு மூணு வண்டி நம்பர் எழுதியிருக்கீங்க. ஆள் ஒருத்தன்தானா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீவித்யா.

"ஒருத்தன்தான் மேடம். வண்டிதான் மாறுது," என்றாள் அபிகாயில். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதில் அவளுக்கே ஒரு பெருமை.

சிட்லபாக்கத்தில் அவள் வீட்டிலிருந்து சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நடை. இரண்டு வாரமாக ஒரு ஹெல்மெட்காரன் பின்னாலிருந்து பைக்கில் வந்து உரசுகிறான், கையை வைக்கிறான், போய்விடுகிறான். முதல் நாள், தெரியாமல் பட்டிருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் துப்பட்டாவுக்கு இரண்டு பின் கூடுதலாகக் குத்தினாள். பிறகு கிளம்பும் நேரத்தை மாற்றினாள், தெருவை மாற்றினாள். அவனும் கூடவே மாற்றிக்கொண்டான். மாற வேண்டியது அவன்தான், தான் இல்லை என்று புரிய இத்தனை நாள் ஆனதே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல். புரிந்த அன்றே வண்டி நம்பரைக் குறித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் அப்பா லாசரஸ் வேறு முடிவோடு இருந்தார். இன்றைக்குள் இதற்கு ஒரு வழி பிறக்காவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று, காலை ஜெபம் முடிந்த கையோடு சொல்லிவிட்டார். கிடைத்து எட்டே மாதம் ஆன வேலை. எவனோ ஒருத்தனுக்காக அதை விடுவதாக அவள் இல்லை.

ஆனால் சாட்சி என்று இருந்தது ஒரே ஒருத்திதான். பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மீன்காரப் பொன்னி.

பம்மலில் பொன்னி வழக்கமாக உட்காரும் இடத்தில் கால்வாய் தோண்டுகிறார்கள். அதனால் நேற்றுதான் முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்து கூடையை இறக்கியிருந்தாள். கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், பைக் வந்ததையும் கை நீண்டதையும் பார்த்துவிட்டாள். யோசிக்கவே இல்லை. சட்டியிலிருந்த, மீனின் மை கலந்த கறுப்புத் தண்ணீர் மொத்தமும் அவன் வெள்ளைச் சட்டை முதுகில் இறங்கியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டான்.

"எவடா பெத்தா உன்ன? அவளாண்ட வந்து நாலு வார்த்தை கேக்கணும்டா," என்று பொன்னி போட்ட சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது. தெருவுக்குக் கேட்டது. இஸ்திரி வண்டிக்காரர்கூடப் பெட்டியை வைத்துவிட்டு ஓடி வந்தார். பொன்னியே அபிகாயிலை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், நானே வந்து சொல்கிறேன், எனக்கென்ன பயம் என்று தைரியம் சொன்னாள்.

நேற்று அப்படிச் சீறியவள் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. போலீஸ் விவகாரம் நமக்கெதற்கு என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்களோ? இவள் பின்வாங்கினால் புகார் வெறும் காகிதம்தான். இருந்தாலும், தனியாக நின்றாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று அபிகாயில் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

"ஏம்மா, நீங்க அவன் முகத்தைப் பாத்தீங்களா?" ஸ்ரீவித்யா பொன்னி பக்கம் திரும்பினார்.

இல்லை என்று தலையாட்டினாள்.

ஸ்ரீவித்யா பேனாவால் மேஜையைத் தட்டினார். மூன்று நம்பரும் மூன்று ஊர்க்காரர்களுடையது, ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை என்றார். "வெள்ளைச் சட்டையில கணவாய் மை. நல்ல அடையாளம்தான். ஆனா அதை இந்நேரம் எங்கயாவது தூக்கிப் போட்டிருப்பான்."

"போடல மேடம்," என்றாள் பொன்னி.

மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தாள். ஈரம் காயாத வெள்ளைச் சட்டை. அறை முழுக்க மீன் வாடை எழுந்தது. முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை கறுப்பாகப் படர்ந்திருந்தது கறை. அபிகாயில் எழுந்தே விட்டாள். அவன்தான், அதே சட்டைதான் என்றாள்.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"சோப்புத் தண்ணியில ஊறிக்கினு இருந்துச்சு. இன்னாடா கறைன்னு கேட்டா, கிரீஸுன்னான். கணவாய் மைக்கும் கிரீஸுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா மேடம்? மெக்கானிக் ஷாப்புல கீறான். ரிப்பேருக்கு வர வண்டிய ஓட்டிப் பாக்கறது அவன் வேலை. அதான் தெனம் ஒரு வண்டி."

மூன்று நம்பருக்கும் பதில் கிடைத்துவிட்டது. அபிகாயில் பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ஸ்ரீவித்யா புதுத் தாளை எடுத்தார். "பேர் தெரியுமா?"

"மகேஷ். பம்மல்."

"அப்பா பேர்?"

"அப்பன் பேரு கெடக்கட்டும் மேடம். எவ பெத்தான்னு நேத்து நடுரோட்டுல கேட்டேன் இல்ல, அவ பேர எழுதிக்கோங்க." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொன்னி."