ஒயின் அலமாரிச் சாவி

"பாஸ்டர், நம்ம காவலாளி திருடிட்டு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவர். மன்னிக்கணும், சரி. அதுக்காகத் திருவிருந்து ஒயின் அலமாரிச் சாவியை அவர் இடுப்புலயா தொங்கவிடுவீங்க?" என்று படபடத்தார் சபையின் புதுச் செயலாளர்.

"நீங்க சொல்றது சரிதான். மன்னிச்சாலும் சாவி விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும்."

"அப்போ வாங்கி நீங்களே வெச்சுக்குங்க."

"கேட்டுப் பார்த்துட்டேன். தர மாட்டேங்கிறார்."

"அவ்வளவு திமிரா?"

பாஸ்டர் தலைகுனிந்தார்.

"நான் குடியை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. முதல் நாளே அந்தச் சாவியை அவர்கிட்ட கொடுத்து, 'நானே கெஞ்சினாலும் தராதீங்க'ன்னு சொன்னேன். போன வாரம்கூடக் கெஞ்சினேன். தரலை, என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணினார்."